மென்பொருள் நிறுவனத்திலிருந்து டீன் பொறுப்புக்கு: கிளம்பும் முன் தெரிந்திருக்க வேண்டியவை

செயற்கை நுண்ணறிவுத் துறையில் பத்துப் பதினைந்து வருஷம் வேலை பார்த்துவிட்டு, இனி ஒரு பல்கலைக்கழகத்துக்குப் போய் நாலு பேருக்குச் சொல்லிக் கொடுக்கலாம், ஒரு துறையையே கட்டி எழுப்பலாம் என்று நினைக்கிறவர்கள் இப்போது நிறைய. என்னிடமும் அடிக்கடி யாராவது கேட்கிறார்கள். 2019-ல் நான் அந்த முடிவை எடுத்தபோது கேட்பதற்கு எனக்கு ஆள் இல்லை. கூட வேலை பார்த்தவர்களுக்குக் கல்லூரி நிர்வாகம் தெரியாது. கல்லூரியில் இருந்த நண்பர்களுக்கு நிறுவனப் பங்கு, நோட்டீஸ் பீரியட் சமாச்சாரமெல்லாம் தெரியாது. பணமும் வருஷங்களும் கொடுத்து நான் தெரிந்துகொண்டதை அப்படியே எழுதுகிறேன். இன்று ஒரு நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் கணினியியல் புலத்துக்கு டீனாக இருக்கிறேன். வந்து சேர்ந்த இடம் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. ஆனால் நான் வந்த வழியில் இன்னொருவர் வர வேண்டாம்.

பேச்சை எழுத்தாக மாற்றும் மென்பொருள்தான் என் வேலை. அந்தத் துறைக்குள் வருகிற எவருக்கும் ராஜ் ரெட்டி பெயர் தெரியாமல் இருக்காது. ஆந்திராவில் பிறந்து, கிண்டி பொறியியல் கல்லூரியில் 1958-ல் சிவில் படித்து முடித்தவர். ஆஸ்திரேலியாவில் ஐபிஎம் நிறுவனத்தில் சில வருஷம் வேலை. பிறகு ஸ்டான்ஃபோர்டில் 1966-ல் பிஎச்.டி. அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் 1979-ல் ரோபாட்டிக்ஸ் ஆய்வு நிறுவனத்துக்கு முதல் இயக்குநர், 1991-ல் கணினியியல் பள்ளிக்கு டீன், 1994-ல் கணினியியலின் மிக உயர்ந்த பரிசான டூரிங் விருது. நம்மூர்க் கதையே வேண்டுமென்றால் பி.ஜே. நாராயணன் இருக்கிறார். பெங்களூரில் டிஆர்டிஓவின் செயற்கை நுண்ணறிவு, ரோபாட்டிக்ஸ் மையத்தில் இருந்தவர். 2000-ல் ஐதராபாத் ஐஐஐடிக்குப் போய், 2013-ல் அதன் இயக்குநர் ஆனார். இவர்களையெல்லாம் பார்த்துத்தான் எனக்கும் அந்த ஆசை வந்தது. மேலே சொன்ன வருஷங்களை மறுபடியும் ஒருமுறை பாருங்கள். ரெட்டிக்குப் பிஎச்.டிக்கும் டீன் பதவிக்கும் நடுவில் 25 வருஷம். நாராயணன் கல்வி நிறுவனத்துக்குள் வந்து இயக்குநராக 13 வருஷம். அந்த வருஷங்களில் பாடம் எடுத்தார்கள், மாணவர்களை வழிநடத்தினார்கள், கட்டுரை எழுதினார்கள். பதவியைப் பார்க்கிறவர்கள் இந்த நடுப்பகுதியைக் கேட்பதில்லை. பல்கலைக்கழகம் அந்த நடுப்பகுதியைத்தான் எண்ணுகிறது.

எனக்கு வந்த அழைப்பு ஒரு தனியார் பல்கலைக்கழகத்திலிருந்து. 'இயக்குநர், செயற்கை நுண்ணறிவு மையம்' என்று பதவி. புதிய பி.டெக் படிப்பு தொடங்க வேண்டும், ஆய்வகம் அமைக்க வேண்டும், இரண்டு வருஷத்தில் டீன் ஆக்குகிறோம் என்று நேரில் சொன்னார்கள். வேலை பார்த்துக்கொண்டே பகுதிநேரமாகப் படித்து 2016-ல் பிஎச்.டி முடித்திருந்தேன். சில காப்புரிமைகள் இருந்தன. நல்ல மாநாடுகளில் கட்டுரைகள் இருந்தன. இதற்குமேல் என்ன வேண்டும் என்றுதான் எனக்கும் தோன்றியது, அவர்களுக்கும் தோன்றியது. மாதச் சம்பளம் பாதிக்குக் கீழே போகும் என்று தெரிந்தே சம்மதித்தேன். தெரியாமல் போனது பங்குகள். நிறுவனம் கொடுத்த பங்குகள் வருஷத்துக்குக் கொஞ்சமாகக் கைக்கு வரும். நாம் விலகும் தேதியில் வராமல் இருப்பவை அத்தனையும் போய்விடும். அந்த வருஷக் கல்வியாண்டு தொடக்கத்துக்கு வந்து சேருங்கள் என்று அவசரப்படுத்தினார்கள். சில மாதம் தள்ளிக் கிளம்பியிருந்தால் அடுத்த தவணை என் கணக்கில் ஏறியிருக்கும். அன்றைய விலைக்கு ஏறக்குறைய 18 லட்சம் ரூபாய். கிளம்பும் தேதியை நீங்களே முடிவு செய்யுங்கள். பல்கலைக்கழகத்துக்கு ஜூன் மாதம் முக்கியம் என்றாலும், டிசம்பரிலும் செமஸ்டர் தொடங்கத்தான் செய்கிறது.

முதல் ஆறேழு மாதம் நன்றாகவே போனது. 2020-ல் புதிய படிப்புக்கு விண்ணப்பம் போடும்போதுதான் விஷயம் வெளியே வந்தது. நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களும் தொழில்நுட்பப் படிப்புக்கு ஏஐசிடிஇ என்ற அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுமத்தின் அனுமதி வாங்க வேண்டும். அதற்கு ஆசிரியர் பட்டியல் ஏற்ற வேண்டும்: எத்தனை பேராசிரியர், எத்தனை இணைப் பேராசிரியர், எத்தனை உதவிப் பேராசிரியர். பட்டியலைத் தயாரித்த அலுவலகத் தம்பி என் அறைக்கு வந்து, தயங்கித் தயங்கி, "சார், உங்களை எந்த கேடர்ல போடறதுன்னு தெரியல. பேராசிரியர்னு போட்டா சரிபார்ப்புல நிக்காது" என்றான். மையத்தின் இயக்குநருக்கு அந்தப் படிவத்தில் ஒரு கட்டமே கிடையாது. இணைப் பேராசிரியருக்காவது போடலாம் என்று பார்த்தால் அதற்கும் காகிதம் பற்றவில்லை. கடைசியில் படிப்பைத் தொடங்கக் கொண்டுவரப்பட்ட என் பெயரே அந்தப் படிப்பின் ஆசிரியர் பட்டியலில் இல்லை. அன்றைக்கு வீட்டுக்குப் போய் யாரிடமும் பேசவில்லை. அவமானம் என்பதைவிட, காலுக்குக் கீழே ஒன்றும் இல்லாதது போல இருந்தது. நிறுவனத்துக்குத் திரும்பிப் போகவும் மனசு வரவில்லை, இங்கே நான் யார் என்றும் தெரியவில்லை.

அப்புறம்தான் ஏஐசிடிஇயின் 2019 ஒழுங்குமுறையை வரிவரியாகப் படித்தேன். இதை வேலையை விடுவதற்கு முன் படியுங்கள். இணையத்தில் இலவசமாகவே இருக்கிறது. பொறியியலில் இணைப் பேராசிரியராக நேரடியாகச் சேர பிஎச்.டி வேண்டும், இளநிலையிலோ முதுநிலையிலோ முதல் வகுப்பு வேண்டும், ஏற்கப்பட்ட ஆய்விதழ்களில் குறைந்தது 6 கட்டுரை வேண்டும், 8 வருஷ அனுபவம் வேண்டும். அந்த எட்டில் 2 வருஷமாவது பிஎச்.டிக்குப் பிறகு இருக்க வேண்டும். தொழில்துறை அனுபவமும் இந்த எட்டில் சேரும், அது நமக்கு நல்ல செய்தி. பேராசிரியருக்கு 10 வருஷ அனுபவம், அதில் குறைந்தது 3 வருஷம் இணைப் பேராசிரியருக்கு நிகரான பதவியில். அதோடு அந்த நிலையில் 6 ஆய்விதழ்க் கட்டுரையும் வழிநடத்தி முடித்த 2 பிஎச்.டியும், அல்லது 10 ஆய்விதழ்க் கட்டுரை. கல்லூரி முதல்வர் பதவிக்குப் போனால் 15 வருஷம், அதில் 3 வருஷம் பேராசிரியராக.

எனக்கு இடித்தது 'ஆய்விதழ்' என்ற சொல்தான். நம் துறையில் பெரிய வேலையெல்லாம் மாநாட்டில்தான் வருகிறது. நியூரிப்ஸ், ஐசிஎம்எல், ஏசிஎல் என்று நாம் உயிரைக் கொடுத்து எழுதுவது அத்தனையும் மாநாட்டுக் கட்டுரை. இன்றைய மொழி மாதிரிகளுக்கு அடித்தளமான டிரான்ஸ்ஃபார்மரை உலகுக்குச் சொன்ன 2017-ஆம் வருஷக் கட்டுரையே மாநாட்டில் வந்ததுதான். தகுதிக் கணக்கு போடும் மேஜையில் கேட்பது ஆய்விதழின் பெயரும் பட்டியல் எண்ணும். என் கையில் ஆய்விதழ்க் கட்டுரை நாலு மட்டுமே இருந்தது. இன்னும் இரண்டு இருந்திருந்தால் என் கதையே வேறு. இன்று நிறுவனத்தில் இருக்கிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான்: மாநாட்டில் வந்த வேலையை விரிவாக்கி ஆய்விதழுக்கு அனுப்புங்கள், பல ஆய்விதழ்கள் அப்படி விரிவாக்கிய வடிவத்தை ஏற்கின்றன. வேலையில் இருக்கும்போதே அனுப்பிவிடுங்கள். மதிப்புரை வந்து, திருத்தி, அச்சாக ஒரு வருஷத்துக்குமேல் ஆகலாம். விலகிய பிறகு நிறுவனத் தரவை வைத்து எழுத முடியாது, அனுமதி கேட்கவும் யாரும் இருக்க மாட்டார்கள்.

இரண்டாவது இடி அனுபவச் சான்றிதழ். நிறுவனம் கொடுத்த கடிதத்தில் சேர்ந்த தேதி, விலகிய தேதி, 'பிரின்சிபல் இன்ஜினியர்' என்ற பதவிப் பெயர், அவ்வளவுதான். இணைப் பேராசிரியருக்கு நிகரான பதவியா என்று தேர்வுக் குழு கேட்டால் அந்தக் கடிதம் என்ன பதில் சொல்லும்? நான் குழுவை வழிநடத்தினேன், ஆராய்ச்சி செய்தேன், மாணவப் பயிற்சியாளர்களை மேற்பார்வை பார்த்தேன் என்பதெல்லாம் என் வாய்வார்த்தை ஆகிவிட்டது. பிறகு மனிதவளத் துறைக்கு எழுதிக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டேன். ரிலீவிங் ஆனவருக்கு வழக்கமான வாசகம்தான் தருவோம் என்று முடித்துவிட்டார்கள். கடைசி நாளுக்கு முன்பே, மேலாளர் உங்கள்மீது அன்பாக இருக்கும்போதே, பொறுப்புகள், ஆராய்ச்சிப் பங்கு, மேற்பார்வை செய்த ஆட்கள், ஊதிய விவரம் எல்லாம் எழுதிய கடிதம் ஒன்றைக் கையெழுத்தோடு வாங்கிக்கொள்ளுங்கள். பதவி உயர்வு ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கடிதம் இருந்தால் இன்னும் நல்லது.

அந்த 2020-ல் கொரோனாவும் வந்தது. பல தனியார் கல்லூரிகளைப் போல அங்கேயும் சம்பளத்தைக் குறைத்தார்கள். மற்றவர்களுக்குக் குறைத்ததைவிட எனக்கு அதிகம். 'கேடர் முடிவாகும் வரை' என்று ஒரு வரி சேர்த்திருந்தார்கள். அந்தச் சமயத்தில் பணம் கட்டினால் பதினைந்து நாளில் கட்டுரை போட்டுத் தருகிறோம் என்று தினமும் மின்னஞ்சல் வரும். உண்மையாகச் சொல்கிறேன், தூக்கம் வராத இரவுகளில் ஒன்றிரண்டைத் திறந்து படித்தேன். நல்லவேளையாக அதே பல்கலைக்கழகத்தில் வேறு துறைத் தலைவராக இருந்த ஒரு மேடம், எனக்குப் பத்து வயது மூத்தவர், "சார், அந்தப் பக்கம் மட்டும் போயிடாதீங்க. போலி இதழ்ல வந்த கட்டுரை உங்க பேரோட சாகுற வரைக்கும் இருக்கும். ஒரு வருஷம் லேட்டானா ஒண்ணும் ஆகாது" என்றார். பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி 2019-ல் கேர் என்ற ஏற்கத்தக்க இதழ்களின் பட்டியலைக் கொண்டுவந்தது இந்தப் போலி இதழ்களைத் தடுக்கத்தான். 2025-ல் அதைக் கைவிட்டு, இதழைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை நிறுவனங்களிடமே விட்டுவிட்டது. இப்போது இன்னும் கவனமாக இருக்க வேண்டும். பட்டியல்கள் வரும் போகும். மதிப்புரை ஒழுங்காக நடக்கும் இதழில் வந்த கட்டுரைக்கு எந்த வருஷமும் பயமில்லை.

மேலும் இரண்டு கட்டுரைகள் அச்சாகும் வரை பொறுத்திருந்து, 2021-ல் வேறொரு பல்கலைக்கழகத்தில் விண்ணப்பித்தேன். இம்முறை டீனும் வேண்டாம், இயக்குநரும் வேண்டாம், இணைப் பேராசிரியர் என்று முறையான தேர்வுக் குழு கூடி ஆர்டர் கொடுங்கள் என்று கேட்டேன். வீட்டில் இதைச் சொன்னபோது என் மனைவி கேட்டது ஒரே கேள்வி: "இது கடைசி இறக்கமா?" ஆமாம் என்றேன். இணைப் பேராசிரியராக இருந்த மூன்று வருஷமும் கையில் இருந்த சேமிப்பில்தான் ஓடியது. ஏஐசிடிஇ ஊதிய அட்டவணையில் இணைப் பேராசிரியருக்குத் தொடக்க அடிப்படை ஊதியம் 1,31,400 ரூபாய், பேராசிரியருக்கு 1,44,200. தனியார் நிறுவனங்களில் பல இடத்தில் அட்டவணை அட்டவணையோடு சரி. எனக்குக் கிடைத்ததும் அதைவிடக் குறைவுதான். முதல் இடத்தில் ஐந்து வருஷம் முடிக்காததால் பணிக்கொடையும் கிடையாது. பங்கு, சம்பளக் குறைப்பு, பணிக்கொடை எல்லாம் சேர்த்துக் கணக்குப் போட்டால் ஒரு சிறிய வீட்டின் விலை போயிருக்கிறது. இந்தப் பாதைக்கு வருகிறவர்கள் குறைந்தது இரண்டு வருஷக் குடும்பச் செலவைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு வாருங்கள். வீட்டுக் கடன் பாதியில் இருக்கும்போது கிளம்பாதீர்கள். அசல் சான்றிதழ்களைப் பாதுகாப்புக்கு வைத்துக்கொள்கிறோம் என்று யாராவது கேட்டால் கொடுக்காதீர்கள். பார்த்துச் சரிபார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுக்கட்டும். முதல் இடத்தில் என் சான்றிதழ்களைத் திரும்ப வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

ஆர்டர் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லாமே அந்த இரண்டு பக்கத்தில்தான் இருக்கிறது. டீன், இயக்குநர், தலைவர் என்பதெல்லாம் பொறுப்பு. பேராசிரியர், இணைப் பேராசிரியர் என்பதுதான் பதவி. பொறுப்பை ஒரு சுற்றறிக்கையில் கொடுப்பார்கள், இன்னொரு சுற்றறிக்கையில் எடுப்பார்கள். பதவி உங்களோடு வரும், அடுத்த நிறுவனத்திலும் எண்ணப்படும். ஆகவே எந்தப் பதவி, எந்த ஒழுங்குமுறைப்படி, தேர்வுக் குழுவில் வெளி நிபுணர் இருந்தாரா, நிரந்தரமா ஒப்பந்தமா, வாரத்துக்கு எத்தனை மணி வகுப்பு என்பதை எழுத்தில் கேளுங்கள். டீனாகப் போகிறவர் கூடுதலாக ஒன்று கேட்க வேண்டும்: யாரிடமும் போகாமல் நான் எவ்வளவு ரூபாய் வரை கையெழுத்துப் போடலாம்? அந்தத் தொகை சின்னதாக இருந்தால் நீங்கள் பரிந்துரைக் கடிதம் எழுதுகிறவர்தான், முடிவு வேறு அறையில் எடுக்கப்படும். முன்பே தெரிந்தால் அதற்கேற்ப நடந்துகொள்ளலாம்.

நேரம் பற்றிய என் கணக்கு மொத்தமும் மாறியது பாடத்திட்டத்தில்தான். நிறுவனத்தில் இரண்டு வாரத்துக்கு ஒரு வெளியீடு. இங்கே ஒரு பாடத்தை மாற்ற வேண்டுமென்றால் துறை எழுத வேண்டும், பாடத்திட்டக் குழு கூட வேண்டும், அதன்பின் கல்விக் குழு ஒப்ப வேண்டும். அதுவும் அடுத்து சேரும் மாணவர்களுக்குத்தான் பொருந்தும், படித்துக்கொண்டிருப்பவர்களுக்குப் பொருந்தாது. 2020-ல் தமிழ்நாட்டில் பல கல்லூரிகளில் செயற்கை நுண்ணறிவு, தரவு அறிவியல் பி.டெக் தொடங்கியது. அந்த முதல் அணி 2024-ல் வெளியே வந்தது. நடுவில், 2022 நவம்பர் 30 அன்று சாட்ஜிபிடி வந்துவிட்டது. அவர்கள் கையில் இருந்தது அதற்கு முன் எழுதிய பாடத்திட்டம். நான் பார்த்த ஒன்றிரண்டில் ஆர்என்என், எல்எஸ்டிஎம் என்ற பழைய நரம்பு வலைப்பின்னல் முறைகள் எல்லாம் ஒரு அலகு முழுக்க இருந்தன, டிரான்ஸ்ஃபார்மர் ஒரு வரியில் இருந்தது. முதலில் எனக்கு இந்த முறை மீதே கோபம் வந்தது. அந்த மேடத்திடம் போனில் புலம்பினேன். "சார், அந்தப் பையன் சேரும்போது நாம அவனுக்கு ஒரு வாக்குக் கொடுக்கறோம், இதைப் படிச்சா இந்தப் பட்டம்னு. நடுவுல மாத்தினா அவன் எங்க போவான்?" என்றார். சரிதான். அந்த மெதுவான முறை மாணவனைக் காப்பாற்றுவதற்காக இருக்கிறது. வழியும் அதற்குள்ளேயே இருந்தது. விருப்பப் பாடங்களில் 'சிறப்புத் தலைப்புகள்' என்று ஒரு தாளைக் கல்விக் குழுவில் ஒப்புதல் வாங்கி வைத்துக்கொண்டால், உள்ளே என்ன நடத்துவது என்பதைத் துறை அளவிலேயே வருஷாவருஷம் மாற்றலாம். நேரியல் இயற்கணிதம், நிகழ்தகவு, உகப்பாக்கம் போன்ற அடித்தளப் பாடங்களை நிலையாக வைத்துவிட்டு, வேகமாக மாறும் எல்லாவற்றையும் இந்தத் தாளுக்குள் கொண்டுவந்தோம். டீனாக நான் செய்ததில் எனக்கு மனநிறைவு தருவது இதுதான். ஒரு சர்வர் வாங்கியதைவிட இதனால் பயன்பெற்றவர்கள் அதிகம்.

சர்வர் கதையையும் சொல்லிவிடுகிறேன். செயற்கை நுண்ணறிவுக் கணக்குகளை வேகமாகச் செய்யும் ஜிபியு சில்லுகள் எட்டு உள்ள ஒரு சர்வருக்கு ஒப்புதல் வாங்க மூன்று விலைப்புள்ளி, கொள்முதல் குழு, நிதிக் குழு என்று ஒரு வருஷம் போனது. பெட்டி வந்து இறங்கிய பிறகுதான் அந்த அறைக்கு மின்சாரம் போதாது என்று தெரிந்தது. ஏ100 வகை எட்டு ஜிபியு இயந்திரம் உச்சத்தில் 6.5 கிலோவாட் இழுக்கும், எச்100 என்றால் 10 கிலோவாட்டுக்குமேல். அந்த வெப்பத்தை வெளியேற்றும் அளவுக்கு ஏசியையும் யோசிக்க வேண்டும். நிறுவனத்தில் இதையெல்லாம் வேறு யாரோ பார்த்துக்கொண்டார்கள். நமக்குத் தெரிந்தது ஒரு முகவரியும் கடவுச்சொல்லும்தான். இங்கே மின் பொறியாளர், எஸ்டேட் அலுவலகம், யுபிஎஸ் பேட்டரி என்று எல்லோரையும் முதல் நாளே உட்காரவைத்துப் பேச வேண்டும். பெட்டி பிரிக்காமலே உத்தரவாதக் காலத்தில் பல மாதம் கரைந்ததைப் பார்த்தபோது வயிறு எரிந்தது. மின்சாரத்தையும் ஏசியையும் பராமரிப்பு ஒப்பந்தத்தையும் அதே முன்மொழிவில் சேர்த்து எழுதுங்கள், தனித்தனியாகக் கேட்டால் தனித்தனியாக வருஷம் போகும். 2024 மார்ச்சில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த இந்தியா ஏஐ திட்டத்தில், 10,371.92 கோடி ரூபாயில், கணினித் திறனை மானிய விலையில் தரும் பகுதி இருக்கிறது. ஆய்வாளர்களும் மாணவர்களும் அதைப் பயன்படுத்தலாம். சிறிய துறைகள் சொந்தமாக வாங்குவதற்கு முன் அந்த வழியைப் பார்ப்பது நல்லது.

மனிதர்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். பதிவாளர், தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர், நிதி அலுவலர் ஆகிய மூவரையும் சேர்ந்த முதல் வாரமே அவர்கள் அறைக்குப் போய்ப் பாருங்கள், உங்கள் அறைக்கு அழைக்காதீர்கள். இருபது முப்பது வருஷம் வகுப்பெடுத்த மூத்த பேராசிரியர்கள் கூட்டத்தில் 'நிறுவனத்தில் நாங்கள் இப்படித்தான் செய்வோம்' என்ற வாக்கியத்தை அடியோடு விட்டுவிடுங்கள். அப்புறம் ஆவணங்கள். கல்வி நிறுவனங்களின் தரத்தைப் பார்க்கும் நாக் மதிப்பீட்டில், பழைய முறையில் ஏழு அளவுகோல் இருந்தன. ஆளுகையும் தலைமையும் அதில் ஒன்று. மத்திய அரசின் என்ஐஆர்எஃப் தரவரிசையில் கற்பித்தலுக்கும் ஆய்வுக்கும் தலா 30 விழுக்காடு. இவற்றுக்கு வேண்டிய ஆதாரங்களைத் திரட்டுவதில் டீனின் நேரத்தில் பெரும்பங்கு போகும். ஆய்வு செய்யவே நேரம் இருக்காது என்று சொல்வது மிகையில்லை. காலையில் முதல் ஒன்றரை மணி நேரம் கதவைச் சாத்திக்கொண்டு கட்டுரை எழுதுவது என்று வைத்துக்கொண்டேன். இணைப் பேராசிரியராக இருந்த அந்த மூன்று வருஷத்தில் மாணவர்களோடு சேர்ந்து பத்து ஆய்விதழ்க் கட்டுரைகளை முடித்து, 2024-ல் பேராசிரியர் ஆனது அந்த நேரத்தால்தான். பிஎச்.டி வழிநடத்தி முடிக்கும் வழி எனக்கு ஒத்துவரவில்லை. யுஜிசியின் 2022 விதிப்படி பிஎச்.டிக்குக் குறைந்தபட்சமே மூன்று வருஷம், நடைமுறையில் நாலைந்து. சேர்ந்த உடனே மாணவர்களை எடுத்தால்தான் அந்தக் கணக்கு உதவும். இணை வழிகாட்டியாக இருந்தாலும் எண்ணப்படும் என்பதால், மூத்தவர் ஒருவரோடு சேர்ந்து தொடங்குவது நல்ல வழி.

பிஎச்.டி இல்லாதவர்களுக்கு 2022-ல் ஒரு கதவு திறந்தது. 'பிராக்டிஸ் பேராசிரியர்' என்று யுஜிசி கொண்டுவந்த நியமனத்தில் முறையான பட்டத் தகுதி கட்டாயமில்லை, துறையில் 15 வருஷ அனுபவம் போதும். ஒரு நிறுவனத்தின் அனுமதிக்கப்பட்ட இடங்களில் 10 விழுக்காட்டுக்குமேல் இப்படி நியமிக்கக் கூடாது. அதிகபட்சம் மூன்று வருஷம், விதிவிலக்காக இன்னும் ஒன்று, ஆக நாலு வருஷத்தோடு முடிந்துவிடும். எனக்கும் இந்த வழியாக ஒருவர் கூடுதல் சம்பளத்தில் அழைப்பு கொடுத்தார். அந்த நாலு வருஷத்துக்குப் பிறகு எந்தப் படியில் நிற்பேன் என்று கேட்டேன், பதில் வரவில்லை, மறுத்துவிட்டேன். இரண்டு மூன்று வருஷம் கற்பித்துப் பார்க்க வேண்டும், பிடித்தால் தொடரலாம், இல்லையென்றால் திரும்பலாம் என்கிறவர்களுக்கு இது அருமையான ஏற்பாடு. வேலையை முழுதாக விடாமல்கூடச் சில இடங்களில் செய்யலாம். தலைமைப் பொறுப்புவரை போக நினைப்பவர்கள் இதை நுழைவாயிலாக எண்ணிக் காலத்தைக் கொடுக்காதீர்கள்.

துணைவேந்தர் பதவியைப் பற்றியும் கேட்கிறார்கள். யுஜிசியின் 2018 ஒழுங்குமுறைப்படி பேராசிரியராகப் பத்து வருஷம், அல்லது புகழ்பெற்ற ஆய்வு நிறுவனத்திலோ கல்வி நிர்வாக அமைப்பிலோ பத்து வருஷம், கல்வித் தலைமைக்கான சான்றோடு. தேடல் குழு மூன்று முதல் ஐந்து பெயர்கள் கொண்ட பட்டியல் தர வேண்டும். கேரளத்தில் ஒரு தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துக்கு ஒரே பெயரைப் பரிந்துரைத்து நடந்த நியமனத்தை உச்ச நீதிமன்றம் 2022 அக்டோபரில் ரத்து செய்தது, வேலையில் சேர்ந்து வருஷங்கள் ஆன பிறகு. விதியில் ஒரு வரி தவறினால் என்ன ஆகும் என்பதற்கு அதைவிடப் பெரிய உதாரணம் வேண்டாம். 2025 ஜனவரியில் யுஜிசி வெளியிட்ட வரைவில் தொழில்துறையில் மூத்த நிலையில் பத்து வருஷம் இருந்தவர்களும் துணைவேந்தர் ஆகலாம் என்று இருந்தது. அதே மாதம் தமிழ்நாடு சட்டமன்றம் அந்த வரைவைத் திரும்பப் பெறச் சொல்லித் தீர்மானம் போட்டது. அந்த வரைவைப் பார்த்துவிட்டு நேராகத் துணைவேந்தர் கனவோடு என்னிடம் பேசியவர்கள் உண்டு. வரைவை வைத்து வேலையை விடாதீர்கள். அரசிதழில் வந்த வரிதான் தேர்வுக் குழுவின் மேஜையில் இருக்கும். எந்தக் கதவு திறந்தாலும், ஒரு வகுப்பறையில் அறுபது பேர் முன்னால் சில செமஸ்டர்கள் நின்ற ஒருவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்தால்தான் அந்தப் பல்கலைக்கழகத்துக்கு நல்லது என்று நான் நினைக்கிறேன்.

என் கணக்கில் 2034-க்குப் பிறகுதான் அந்தப் பேச்சே. இப்போது என்னிடம் நாலு பேர் பிஎச்.டி செய்கிறார்கள், இரண்டு பேர் அடுத்த வருஷம் ஆய்வேட்டைச் சமர்ப்பிப்பார்கள். ஒருவர் நிறுவனத்தில் வேலை பார்த்துக்கொண்டே பகுதிநேரமாகப் படிக்கிறார். நிறுவனத்திடம் தடையில்லாச் சான்று வாங்கி, மாநாட்டுக் கட்டுரை ஒன்றை விரிவாக்கி ஆய்விதழுக்கு அனுப்பியிருக்கிறார். அனுபவக் கடிதத்தின் வாசகத்தை நாங்கள் இருவரும் சேர்ந்து உட்கார்ந்து எழுதி, அவருடைய மேலாளருக்குப் போன வாரம் அனுப்பினோம்.